நிலம் சுத்தமா? கட்டுவதற்கு முன் நடக்க வேண்டிய மாசு மதிப்பீடு

பழைய ஆலை நின்ற இடத்தில் அடுக்குமாடி வரப்போகிறது, குப்பை கொட்டிய மேட்டில் பள்ளிக்கூடம் வரப்போகிறது என்று செய்தி வந்தால், பின்னாலேயே ஒரு வாக்குவாதமும் வந்துவிடும். ‘அந்த மண்ணே விஷம்’ என்பார்கள் ஒரு பக்கம். ‘மண் பரிசோதனை பண்ணியாச்சு, ஒன்றும் இல்லை’ என்பார்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. எந்தப் பரிசோதனை, எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பொருளைத் தேடி? அங்கே யார் வாழப்போகிறார்கள்? இதற்கெல்லாம் பதில் இருந்தால்தான் ஆய்வகம் தரும் எண்ணுக்கு அர்த்தம் வரும். அந்தப் பதில்களைத் தேடும் வேலைதான் மாசு மதிப்பீடு. அதில் ஆய்வகத்தின் முறை கடைசியில்தான் வருகிறது.

எந்த மண் பரிசோதனை?

குழப்பம் தொடங்குவதே இங்கேதான். கட்டுமானத்துக்கு முன் வழக்கமாகச் செய்யப்படுவது மண்ணின் தாங்குதிறன் பரிசோதனை. துளை போட்டு, எந்த ஆழத்தில் களிமண், எங்கே மணல், எங்கே பாறை, நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, கட்டடத்தின் எடையை மண் தாங்குமா என்று பார்ப்பார்கள். அஸ்திவாரம் போட இது கட்டாயம் தேவை. ஆனால் இருபது மாடியைத் தாங்கும் மண்ணில் பாதரசமும் இருக்கலாம், பென்சீனும் இருக்கலாம். தாங்குதிறன் அறிக்கை அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது.

அந்த அறிக்கையில் சில சமயம் சல்பேட், குளோரைடு, கார அமிலத்தன்மை என்று ஒரு வேதியியல் அட்டவணை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘கெமிக்கல் டெஸ்ட்டும் ஆகிவிட்டது’ என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த அட்டவணை மண் கான்கிரீட்டையும் கம்பியையும் அரிக்குமா என்று பார்ப்பதற்கானது. மனிதருக்கு என்ன ஆகும் என்பது அதன் கேள்வியே இல்லை.

மாசு எப்போது ஆபத்தாகிறது?

மாசு இருப்பதும் ஆபத்து இருப்பதும் ஒன்றில்லை. ஆபத்து உண்டாக மூன்று கண்ணிகள் சேர வேண்டும்:

1. மூலம்: தீங்கு செய்யக்கூடிய பொருள் மண்ணிலோ நீரிலோ மண்ணிடை வாயுவிலோ இருக்க வேண்டும்.
2. பாதை: அது நகர்ந்து வர வழி வேண்டும். தூசியாகக் காற்றில் பறப்பது, நிலத்தடி நீரோடு ஓடுவது, ஆவியாகித் தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் ஏறுவது, காய்கறிச் செடி உறிஞ்சுவது, குழந்தையின் விரலில் ஒட்டி வாய்க்குப் போவது என்று வழிகள் பல.
3. பாதிக்கப்படுபவர்: அந்தப் பாதையின் மறுமுனையில் ஒரு மனிதரோ, குடிநீர்க் கிணறோ, ஓடையோ இருக்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஆபத்து நீங்கிவிடும். தடித்த கான்கிரீட் போட்ட வாகன நிறுத்துமிடத்துக்குக் கீழே இருக்கும் ஈயம், அந்தக் கான்கிரீட் இருக்கும்வரை யாரையும் தொடாது. அதே இடத்தைப் பெயர்த்துக் குழந்தைகள் விளையாடும் தோட்டமாக்கினால், மண்ணில் ஒரு மில்லிகிராம் ஈயம்கூட ஏறாமலே ஆபத்து ஏறிவிடும். நிலத்தின் பயன் மாறும்போது மதிப்பீட்டைப் புதிதாகச் செய்யச் சொல்வது இதனால்தான். ‘முப்பது வருஷமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே’ என்பது இங்கே செல்லாத வாதம். அந்த முப்பது வருஷமும் அங்கே யாரும் தூங்கி எழவில்லை.

பாதைகள் எதிர்பாராத இடத்திலும் இருக்கும். நெதர்லாந்தின் லெக்கர்கெர்க் என்ற ஊரில் 1970களில் வீடுகள் கட்டுவதற்காக நிலத்தை மேடாக்கியபோது, நிரப்பிய பொருளோடு ரசாயனக் கழிவு பீப்பாய்களும் உள்ளே போய்விட்டன. டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் மண்ணில் பரவி, பிளாஸ்டிக் குடிநீர்க் குழாயின் சுவரையே ஊடுருவிக் குடிநீரில் கலந்தன. 1980இல் ஏறக்குறைய 270 வீடுகளைக் காலி செய்ய வேண்டிவந்தது. அந்த நாட்டில் மண் தூய்மைக்கென்று தனிச் சட்டம் வருவதற்கு இந்த ஊர்தான் காரணம். கிணறு தோண்டாதவர்களுக்கும் நிலத்தடி மாசு குழாய்வழியே வந்து சேரும் என்பதை உலகம் அங்கேதான் பார்த்தது.

பத்திரத்திலேயே எழுதியிருந்த எச்சரிக்கை

இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் பெயர் அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரிலுள்ள லவ் கெனால். பாதியில் கைவிடப்பட்ட ஒரு கால்வாய் அது. 1942 முதல் 1953 வரை ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் அதில் ஏறக்குறைய 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து மேலே களிமண்ணால் மூடியது. 1953இல் அந்த நிலம் ஒரு டாலருக்கு நகரப் பள்ளி வாரியத்துக்குக் கைமாறியது. கவனிக்க வேண்டியது, பத்திரத்திலேயே ரசாயனக் கழிவு புதைக்கப்பட்டிருக்கிறது என்றும், அதனால் வரும் பாதிப்புக்கு விற்பவர் பொறுப்பில்லை என்றும் எழுதியிருந்தது. அதன் பிறகும் பள்ளி கட்டப்பட்டது. சுற்றிலும் வீடுகள் வந்தன. கட்டுமானத்துக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் தோண்டியதில் களிமண் மூடி உடைந்தது. குழாய் பதித்த பள்ளங்கள் ரசாயனம் ஓடும் வாய்க்கால்களாயின. 1970களின் பிற்பகுதியில் மழையும் பனியும் அதிகமாகி நிலத்தடி நீர் ஏறியபோது, வீடுகளின் நிலவறைகளில் ரசாயனம் கசிந்தது. 1978இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுப் போக நேர்ந்தது. 1980இல் ‘சூப்பர்ஃபண்ட்’ என்று அழைக்கப்படும் அமெரிக்கத் தூய்மைச் சட்டம் பிறந்தது.

இங்கே எந்த நவீனக் கருவியும் இல்லாமலே உண்மை தெரிந்திருந்தது. ஒரு காகிதத்தில் இருந்தது. அதைப் படித்து அதன் பொருளை எடுத்துக்கொள்ளும் வேலை மட்டும் நடக்கவில்லை. இன்னொன்றும் இதில் தெரிகிறது: புதைந்து கிடந்த மாசுக்குப் பாதை போட்டுக் கொடுத்ததே கட்டுமானம்தான்.

முதற்கட்டம்: ஆவணமும் நேரடிப் பார்வையும்

அதனால்தான் முறையான மதிப்பீடு மண்வெட்டியோடு தொடங்குவதில்லை. முதற்கட்டத்தில் ஒரு பிடி மண்கூட எடுக்க மாட்டார்கள். பழைய வரைபடங்கள், வான்வழிப் புகைப்படங்கள், பத்திரங்கள், ஆலை உரிமங்கள், தீயணைப்புப் பதிவுகள், எரிபொருள் தொட்டி அனுமதிகள் எல்லாவற்றையும் தேடிப் பார்ப்பார்கள். அங்கே வேலை பார்த்தவர்களையும் அக்கம்பக்கத்தில் நெடுநாள் இருப்பவர்களையும் கேட்பார்கள். கழிவை எங்கே ஊற்றினார்கள் என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது, ஓய்வுபெற்ற தொழிலாளிக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம் நிலத்தை நடந்தே பார்க்க வேண்டும். தரையிலிருந்து காரணமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இரும்புக் குழாய், கீழே புதைந்த எரிபொருள் தொட்டியின் காற்றுப்போக்கியாக இருக்கலாம். சுற்றிலும் புல் முளைத்திருக்க ஒரு திட்டில் மட்டும் முளைக்கவில்லை என்றால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நிறம் மாறிய மண், எண்ணெய்க் கறை படிந்த தரை, மின்மாற்றி நின்ற மேடை, உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடு, இயற்கையான சரிவோடு ஒத்துப்போகாத மேடு ஆகியவை எல்லாம் தடயங்கள்.

நிலத்தில் முன்பு என்ன நடந்தது என்று தெரிந்தால், எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்:

1. பெட்ரோல் பங்க், வாகனப் பணிமனை: பென்சீன் உள்ளிட்ட எரிபொருள் சேர்மங்கள், பழைய இடமானால் ஈயமும்.
2. உலர் சலவையகம், உலோகப் பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் பட்டறை: குளோரின் கலந்த கரைப்பான்கள்.
3. தோல் பதனிடும் ஆலை, மின்முலாம் பட்டறை: குரோமியம், முலாம் பூசிய இடமானால் நிக்கலும் சயனைடும் சேரும்.
4. மரத்துக்கு மருந்தேற்றும் இடம்: ஆர்செனிக், குரோமியம், தாமிரம், கிரியோசோட் என்ற தார் எண்ணெய்.
5. பழைய பேட்டரி உடைக்கும் இடம்: ஈயம்.
6. விமான நிலையம், தீயணைப்புப் பயிற்சி மைதானம்: தீயணைப்பு நுரையிலிருந்து வரும், எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள்.
7. நிரப்பிய குளம், குப்பை மேடு: மீத்தேன், கரியமில வாயு, மற்றபடி எதுவும் இருக்கலாம்.

‘இது வெறும் தோப்பாகத்தானே இருந்தது’ என்று விவசாய நிலத்தைக் கேள்வி கேட்காமல் விடுவதும் தவறு. ஈய ஆர்செனேட் என்ற பூச்சிக்கொல்லியை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல நாடுகளின் பழத்தோட்டங்களில் ஏராளமாகத் தெளித்தார்கள். ஈயமும் ஆர்செனிக்கும் தனிமங்கள். அவை மக்கி அழிவதில்லை, தெளித்தவர்கள் போன பிறகும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அதேபோல நம் எல்லைக்கு உள்ளே மட்டும் பார்த்தால் போதாது. மேட்டுப் பக்கத்து அண்டை நிலத்தில் கசிந்தது நிலத்தடி நீரோடு நம் நிலத்துக்கு வந்திருக்கலாம்.

இந்த எல்லாத் தகவலையும் சேர்த்து, மூலம் எங்கே, பாதை எது, யார் பாதிக்கப்படலாம் என்று ஒரு வரைபடமும் விளக்கமுமாக எழுதி வைப்பார்கள். மதிப்பீட்டின் முதுகெலும்பு இதுதான். பிறகு வரும் ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு ஆய்வகச் சோதனையும் இந்த வரைபடத்தில் ஏதோ ஒரு சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக இருக்க வேண்டும்.

இரண்டாம் கட்டம்: மாதிரி எடுப்பதன் கணக்கு

மண் மாதிரி எடுப்பது எளிய வேலை போலத் தோன்றும். அதில் ஒளிந்திருக்கும் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஹெக்டேர் நிலம், அதாவது நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். இருபது மீட்டருக்கு ஒரு புள்ளி என்று சதுரக் கட்டம் போட்டால் 25 இடங்களில் மாதிரி எடுக்கலாம். 25 மாதிரி என்றதும் நிறைய எடுத்ததுபோல இருக்கும். இப்போது அந்த நிலத்தில் எங்கோ ஒரு இடத்தில், பத்து மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் மட்டும் ரசாயனம் ஊற்றப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தின் பரப்பு சுமார் 78 சதுர மீட்டர். ஒவ்வொரு கட்டத்தின் பரப்பு 400 சதுர மீட்டர். நம் புள்ளிகளில் ஒன்று அந்த வட்டத்துக்குள் விழ ஏறக்குறைய 20 சதவீத வாய்ப்புதான் உண்டு. 25 மாதிரிகளும் சுத்தம் என்று அறிக்கை வரும், ஆனால் அந்தத் திட்டு கண்ணில் படாமலே போக 80 சதவீத வாய்ப்பு இருக்கிறது. வட்டமான ஒரு திட்டை 95 சதவீத உறுதியோடு பிடிக்க வேண்டுமானால் அதன் விட்டம் கட்ட இடைவெளியைப் போல 1.18 மடங்காவது இருக்க வேண்டும். இருபது மீட்டர் கட்டம் அப்படிப் பிடிப்பது சுமார் 24 மீட்டர் அகலமுள்ள திட்டைத்தான்.

ஆகவே கட்டம் போட்டு எடுப்பது மட்டும் போதாது. தொட்டி இருந்த இடம், கழிவு வெளியேறிய வாய்க்கால், பீப்பாய் அடுக்கிய மூலை என்று முதற்கட்டம் காட்டிய இடங்களைக் குறிவைத்தும் எடுக்க வேண்டும். முதற்கட்டத்தை அவசரமாக முடித்துவிட்டு நேரே துளை போடப் போனால், இந்த 80 சதவீதத்தில் சிக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

செலவைக் குறைக்க, பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாகச் சோதிப்பதும் உண்டு. ஐந்து இடத்து மண்ணில் ஒன்று மட்டும் கடுமையாக மாசுபட்டிருந்தால், கலந்த பிறகு அதன் அளவு ஐந்தில் ஒரு பங்காகி வரம்புக்குக் கீழே போய்விடலாம். பென்சீன் போல ஆவியாகும் பொருளுக்கு இந்தக் கலக்கும் முறை அறவே ஆகாது. கலக்கும்போதே பாதி காற்றில் போய்விடும். அப்படிப்பட்ட மாதிரியைத் தோண்டியவுடன் காற்றிடம் இல்லாமல் குப்பியில் அடைத்து, குளிர்ச்சியில் வைத்து, விரைவாக ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். வெயிலில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த மண்ணில் பென்சீன் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஆய்வகத்திடம் என்ன கேட்டோம் என்பதும் முக்கியம். கேட்டதை மட்டும்தான் அது தேடும். சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு, மஞ்சள் காமாலை இல்லை என்று அந்த முடிவை வைத்துச் சொல்ல முடியாது அல்லவா? எட்டு உலோகங்களின் பட்டியல் சுத்தமாக வந்திருந்தால், அந்த எட்டு உலோகங்களைப் பற்றி மட்டுமே நமக்குத் தெரியும். குரோமியத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அதன் மூன்று இணைதிற வடிவம் அவ்வளவாகத் தீங்கு செய்யாது, ஆறு இணைதிற வடிவம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ‘மொத்தக் குரோமியம்’ என்ற ஒரே எண் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

நீரும் வாயுவும்

மண்ணை மட்டும் பார்த்து முடிக்க முடியாது. நிலத்தடி நீர் எந்தத் திசையில் போகிறது என்று சொல்ல, ஒரே கோட்டில் இல்லாத மூன்று கண்காணிப்புக் கிணறுகளாவது வேண்டும். பெட்ரோலும் டீசலும் நீரைவிட லேசானவை, நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். குளோரின் கலந்த கரைப்பான்கள் நீரைவிடக் கனமானவை, கீழே இறங்கிக் களிமண் அடுக்கின் மேல் தேங்கும். மேலாக எடுத்த நீர் மாதிரி அதைக் காட்டாமல் போகலாம்.

வாயு விஷயத்தில் பிரிட்டனின் லாஸ்கோ கிராமத்தில் நடந்தது ஒரு திருப்பம். 1986 மார்ச் 24 அன்று, பக்கத்திலிருந்த பழைய குப்பைக் கிடங்கிலிருந்து மண் வழியாக நகர்ந்து வந்த மீத்தேன் ஒரு வீட்டில் வெடித்து, வீடே தரைமட்டமானது. உள்ளே இருந்தவர்கள் காயத்தோடு தப்பினார்கள். அன்று சில மணி நேரத்துக்குள் காற்றழுத்தம் வேகமாகக் குறைந்திருந்தது. வெளி அழுத்தம் குறையும்போது மண்ணுக்குள் அடைபட்ட வாயு மேலே வரும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்தால் ஒரு தீப்பொறியே போதும். ஆகவே தெளிவான நாளில் ஒரே ஒரு முறை வாயுவை அளந்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதுவது மதிப்பீடு ஆகாது. பல முறை, அதிலும் அழுத்தம் குறையும் நாட்களில் அளந்திருக்க வேண்டும்.

எண்ணை எப்படி வாசிப்பது?

ஆய்வக முடிவை ஒரு வரம்பு மதிப்போடு ஒப்பிடுவார்கள். குடியிருப்புக்கு ஒரு மதிப்பு, அலுவலகத்துக்கு ஒரு மதிப்பு என்று பயனுக்கு ஏற்ப அது மாறும். மண்ணில் விளையாடும் குழந்தையை மனதில் வைத்துக் கணக்கிடுவதால் குடியிருப்பு வரம்பு பொதுவாகக் கடுமையாக இருக்கும். ஒரு அறிக்கை தொழிற்பேட்டைக்கான வரம்போடு ஒப்பிட்டு ‘பாதுகாப்பானது’ என்று சொல்லியிருந்தால், அதைக் குடியிருப்புக்குக் காட்டுவது ஏமாற்றுவதற்குச் சமம்.

வரம்புகளே காலத்தோடு மாறுகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்குப் பல ஆண்டுகளாகக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று வைத்திருந்த முதல்கட்ட அளவை (இதைத் தாண்டினால் மேலும் ஆராய வேண்டும் என்று காட்டும் அளவு) 2024இல் 200 ஆகக் குறைத்தது. மண்ணில் எதுவும் மாறவில்லை, குழந்தைகளின் மூளையை ஈயம் எவ்வளவு குறைந்த அளவிலேயே பாதிக்கிறது என்ற புரிதல்தான் மாறியது. பத்து வருஷத்துக்கு முந்தைய ‘சுத்தம்’ சான்றை இன்று அப்படியே ஏற்க முடியாததற்கு இது ஒன்றே போதும். மறுபக்கம், வரம்பைத் தாண்டியதெல்லாம் மனிதர் கொட்டியது என்றும் ஆகாது. சில பாறைகளிலும் மண்ணிலும் ஆர்செனிக் இயற்கையாகவே அதிகம்.

‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லையும் நிதானமாகப் படிக்க வேண்டும். கருவியால் காணக்கூடிய குறைந்தபட்ச அளவுக்குக் கீழே என்பதுதான் அதன் பொருள். அந்தக் குறைந்தபட்சமே வரம்பைவிட அதிகமாக இருந்தால், அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை.

மாசு இருக்கிறது என்றால்?

கண்ணிகளில் ஒன்றை அறுக்க வேண்டும். மூலத்தை அகற்றலாம்: தோண்டி எடுத்துப் போவது, ஆவியை உறிஞ்சி எடுப்பது, நீரை இறைத்துச் சுத்திகரிப்பது, நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைப்பது. அல்லது பாதையை அடைக்கலாம்: சுத்தமான மண்ணால் மூடுவது, கட்டடத்துக்கு அடியில் வாயு புகாத விரிப்பும் காற்றுப்போக்கியும் அமைப்பது. இரண்டாவது வழி மலிவு, பல இடங்களில் நியாயமானதும்கூட. ஆனால் மூடி வைத்தது உள்ளேயே இருக்கிறது. பதினைந்து வருஷம் கழித்து ஒருவர் கிணறு தோண்டவோ நிலவறை கட்டவோ நினைத்தால், கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஆவணத்தில் நிரந்தரமாகப் பதிந்து, பராமரிக்க ஒருவரைப் பொறுப்பாக்காத மூடியை நான் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

கட்டுமானத்தின்போது எச்சரிக்கையும் வேண்டும். ஆழமாக இறங்கும் தூண், களிமண் அடுக்கைத் துளைத்து மேலிருக்கும் மாசைக் கீழிருக்கும் நன்னீருக்கு இறக்கிவிடலாம். அஸ்திவாரக் குழியிலிருந்து நீரை இறைத்தால், பக்கத்து நிலத்து மாசு நம் பக்கம் இழுக்கப்படலாம். முதலில் பாதிப்புக்கு ஆளாவது தோண்டும் தொழிலாளர்கள்தான், அவர்களைப் பற்றி எழுதாத அறிக்கைகளே அதிகம். தோண்டிய மண் லாரியில் ஏறி வேறொரு நிலத்தை நிரப்பப் போனால், பிரச்சினையும் கூடவே போகிறது.

அறிக்கையைக் கையில் வாங்கினால் கேட்க வேண்டியவை

1. இது தாங்குதிறன் அறிக்கையா, மாசு மதிப்பீடா?
2. நிலத்தின் வரலாறு எந்த ஆண்டிலிருந்து தேடப்பட்டது? இடையில் எந்தக் காலத்துக்கு ஆவணம் கிடைக்கவில்லை?
3. மாதிரிப் புள்ளிகள் ஏன் அந்தந்த இடங்களில் வைக்கப்பட்டன? பழைய தொட்டியும் வாய்க்காலும் இருந்த இடத்தில் ஒரு துளையாவது உண்டா?
4. ஆய்வகப் பட்டியலில் இருக்கும் பொருள்களும் முன்பு நடந்த தொழிலும் பொருந்துகின்றனவா?
5. எந்தப் பயனுக்கான வரம்போடு ஒப்பிட்டார்கள்?
6. அறிக்கையின் தேதி என்ன? அமெரிக்க விதிகளில், வாங்குபவர் சட்டப் பாதுகாப்புக் கோர வேண்டுமானால் முதற்கட்டத்தின் முக்கியப் பகுதிகள் நிலம் கைமாறுவதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் செய்யப்பட்டிருக்கவோ புதுப்பிக்கப்பட்டிருக்கவோ வேண்டும்.
7. சுத்தம் செய்திருந்தால், செய்த பிறகு குழியின் அடியிலும் சுவரிலும் மாதிரி எடுத்துச் சரிபார்த்த அறிக்கை எங்கே? நிரப்பக் கொண்டுவந்த புது மண்ணைச் சோதித்தார்களா?
8. தோண்டும்போது எதிர்பாராத பீப்பாயோ வாடையோ தென்பட்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் தளத்தில் யாருக்கு இருக்கிறது?